மதிப்பெண் ஏறியது மட்டும் போதாது

ஹூஸ்டனில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பெரியவர்களுக்கு எச்ஐவி வகுப்பு எடுத்தீர்கள். முன்னும் பின்னும் எச்ஐவி பற்றி எவ்வளவு தெரியும் என்று அளக்கும் 18 கேள்விகள் கொண்ட எச்ஐவி-கேக்யூ-18 கேள்வித்தாள் கொடுத்ததில் மதிப்பெண் ஏறியிருக்கிறது, இதையே பலன் என்று அறிக்கையில் எழுதலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பாடம் கேட்ட சூட்டில் யாரும் சரியாகத்தான் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேளுங்கள். பெயர் கேட்டால், குடியேற்றச் சிக்கலுக்குப் பயந்து சிலர் திரும்பி வரமாட்டார்கள். அம்மா பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறந்த மாதம் என்று அவர்களே போடும் குறியீடு போதும், முன்பு சொன்ன பதிலோடு பொருத்திப் பார்க்க.

அந்தக் கேள்வித்தாள் நல்லதுதான், ஆனால் 2002இல் வந்தது. எச்ஐவி தொற்றாமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்ததே 2012இல். பிரெப் பற்றி இரண்டு கேள்வி சேருங்கள், அவற்றின் மதிப்பெண்ணைத் தனியாகப் போடுங்கள். 'தெரியாது' என்ற பதில்களையும் தனியே எண்ணுங்கள். தெரியாதவர் வேறு, கொசுக்கடியில் பரவும் என்று நம்புகிறவர் வேறு.

அப்புறம், வகுப்பெடுத்த புரொமோத்தோராவே (அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளரே) கேள்வி கேட்டால், அவர் மனம் நோகக்கூடாதென்றே "ஆமாம்" வரும். வேறொருவர் ஸ்பானிஷில் வாசித்துக் கேட்கட்டும். இடைப்பட்ட மாதங்களில் எச்ஐவி பரிசோதனை செய்துகொண்டார்களா என்பதையும், இன்னும் வகுப்புக்கு வராத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எண்தான்.