புற்றுநோய் வார்டில் வேலை: இது களைப்பா, மனச்சோர்வா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் புற்றுநோய் வார்டு செவிலியராக இருக்கிறேன். சில வாரங்களாக நோயாளி இறந்தால்கூட அழுகை வருவதில்லை. வீட்டில் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: ராஜினாமா கடிதத்தை இப்போது எழுதாதீர்கள், சகோதரி. மனம் தாழ்ந்திருக்கும்போது எல்லா வழியும் அடைபட்டதாகவே தோன்றும். முதலில் உடம்பையும் மனதையும் பார்ப்போம்.

ஒரு படுக்கையில் உயிர் பிரிந்த மறுநிமிடம் அடுத்த படுக்கைக்குச் சிரித்த முகத்தோடு போகிறீர்கள். உறவினர்களின் கோபத்தையும் வாங்கிக்கொள்கிறீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் இதை 'உணர்ச்சி உழைப்பு' என்று விளக்கினார். உண்மையான பரிவைவிட, உள்ளே ஒன்று முகத்தில் ஒன்று என்று நாள் முழுவதும் இருப்பதே ஆளை அதிகம் உருக்குலைக்கிறது. அழுகை வராததால் நீங்கள் கல்நெஞ்சக்காரி ஆகிவிடவில்லை.

வார விடுப்பில், பிள்ளைகளோடு இருக்கையில் மனம் லேசாகிறதா? அப்படியானால் இது பெரும்பாலும் பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது. விடுப்பிலும் எதிலும் பிடிப்பில்லை, பசியும் தூக்கமும் கெட்டுவிட்டன, காரணமில்லாத குற்றவுணர்வு வாட்டுகிறது, இப்படியே இரண்டு வாரம் தாண்டிவிட்டது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் விடியற்கால விழிப்பு எனக்குக் கவலை தருகிறது. இரவுப் பணியாலும் அது வரலாம் என்பதால் டியூட்டி நேரங்களை அவரிடம் சொல்லுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனையும் அவசியம். மருந்து தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சரியானதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. வார்டில் கிடைக்கும் தூக்க மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்.

செவிலியர் கண்காணிப்பாளரிடம் சில மாதங்களுக்கு வேறு வார்டு கேளுங்கள். தொடர் இரவுப் பணியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு மரணத்துக்குப் பின் சக செவிலியர்களோடு பத்து நிமிடம் பேச இடம் கொடுத்தாலே பாரம் குறையும். பணிப்பட்டியலைத் தொடாமல் யோகா வகுப்பு மட்டும் நடத்தும் நிர்வாகங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

வாழ்வதே வீண் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மனஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில், கட்டணமின்றிப் பேசலாம். வீட்டிலும் ஒருவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.