ரிவால்வர் வந்த பிறகும் பிரிட்டிஷ் அதிகாரிகள் நான்கு குழல் கைத்துப்பாக்கியை ஏன் வாங்கினார்கள்?

லண்டன் லான்காஸ்டர் கம்பெனியின் துப்பாக்கியைத்தான் கேட்கிறீர்கள் போல. அந்தக் காலத்தில் அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில்தான் வாங்குவார்கள், 1880களில் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனவர்களில் சிலர் இதை விரும்பி எடுத்துப் போனார்கள். ரிவால்வரில் தோட்டாக்களை வைத்துச் சுழலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, சுடும்போது அந்த வழியாக வாயு கொஞ்சம் கசியும். இதில் தோட்டா குழலுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை, சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளும் பயமும் கிடையாது. விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உள்ளே இருக்கும் அடிப்பான் கால் சுற்று திரும்பி அடுத்த தோட்டாவை அடிக்கும். அதனால் விசையை இழுப்பது ரொம்பக் கனம், குறிபார்த்துச் சுடுவது சிரமம்தான், ஆனால் ஈட்டியோடு ஒருவன் பாய்ந்து வரும்போது யார் குறிபார்க்கப் போகிறார்கள்? அப்புறம் 1887இல் ராணுவமே வெப்ளி ரிவால்வரை ஏற்றுக்கொண்டது; ஆறு குண்டு, சட்டென்று மாற்றிப் போடலாம். லான்காஸ்டரின் மவுசு குறைந்துவிட்டது.