புரொசசர் எவ்வளவு சூடானால் கவலைப்பட வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருக்கிறேன். இன்டெல் ஐ5-10400 போட்ட டெஸ்க்டொப். வீடியோ எடிட்டிங் தொடங்கினால் ஃபேன் இரைகிறது, வேலை இழுபடுகிறது, சிலநேரம் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. புரொசசரின் சூட்டை எப்படிப் பார்ப்பது? எத்தனை பாகை ஆபத்து?

பதில்: டாஸ்க் மனேஜரில் தேட வேண்டாம். தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் அதன் சூட்டைக் காட்டுமே தவிர, புரொசசருடையதைக் காட்டாது. எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, சென்சர் பகுதியைத் திறவுங்கள். நீண்ட பட்டியல் வரும், பயப்படாதீர்கள். புரொசசரின் சூட்டைக் காட்டும் ‘சிபியூ பேக்கேஜ்’, சூட்டால் வேகம் குறைகிறதா என்று காட்டும் ‘தெர்மல் த்ரொட்லிங்’ ஆகிய இரண்டு வரிகள் போதும்.

உங்கள் புரொசசரின் எல்லை 100 பாகை செல்சியஸ். அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டாவது வரியில் ‘யெஸ்’ விழும். சும்மா இருக்கும்போது 40 முதல் 50, எடிட்டிங்கில் 70 முதல் 80 என்றால் நம் ஊருக்குச் சரிதான். குளிர்நாட்டுக்காரர்களின் வீடியோவில் 30 காட்டுகிறதே என்று ஏங்க வேண்டாம். கொழும்பில் பகலில் அறையே 30 பாகை. ஃபேன் காற்றில் ஆறும் புரொசசர் அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

நான் எண்ணைவிட, அது ஏறும் விதத்தைத்தான் பார்ப்பேன். வேலை தொடங்கிய சில விநாடிகளிலேயே 95ஐத் தாண்டினால், புரொசசர்மேல் ஃபேனோடு உட்கார்ந்திருக்கும் கூலர் சரியாக ஒட்டவில்லை. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள்தான் பிடித்திருக்கின்றன. அதில் ஒன்று கழன்றிருப்பது சாதாரணம். இல்லாவிட்டால் புரொசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்திருக்கும். கால் மணிநேரமாக மெல்ல மெல்ல ஏறுகிறதா? அப்போது காற்றோட்டக் குறைவு. கேசிங்கின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். சூடு நன்றாக இறங்கினால் தூசியைத் துடைத்து, கேசிங்கைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கடலோர வீடுகளில் உப்பும் ஈரமும் சேர்ந்து தூசி அப்பிக்கொள்ளும், ஊதினால் மட்டும் போகாது. மெல்லிய தூரிகை வேண்டும். கரண்டைத் துண்டித்துவிட்டு, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள்.

அப்புறம், பொசுக்கென்று நிற்கும் விஷயம். சூடேறும் புரொசசர் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும், உடனே அணையாது. 75 பாகையில் இருக்கும்போதே மெஷின் நின்றால் பவர் சப்ளையைச் சோதிக்கக் கொடுங்கள். புரொசசரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.