சாமையும் உலக்கையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நண்பர்களோடு கொல்லிமலை போய்வந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில் எல்லாம் அருமை. ஒரே வருத்தம், எங்கு பார்த்தாலும் மரவள்ளி. எங்களுக்குச் சாப்பாடு போட்ட வீட்டில்கூட ரேஷன் அரிசிச் சோறு. மலைமக்களே சாமையையும் தினையையும் மறந்தால் எப்படி? ஆளை மயக்கிக் கொல்லும் பாவை என்கிறார்களே, அந்தக் கொல்லிப்பாவை கதை உண்மையா என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எட்டுக்கை அம்மனைத்தான் அங்கே பலரும் கொல்லிப்பாவை என்கிறார்கள். கும்பிட்டுவிட்டு வாருங்கள், போதும்.

சாமையைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. முதலில் ஒன்று. சோறு போட்டவர்களின் பானையை எட்டிப் பார்த்துக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் வீட்டில் தினமும் தினையா தின்கிறீர்கள்?

சாமை குறைந்ததற்கு, மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளைக் கைகாட்டுவார்கள். மரவள்ளி காசு கொடுத்தது, சரி. உலக்கையை யாரும் பேசுவதில்லை. கேழ்வரகை அப்படியே திரித்து மாவாக்கலாம். சாமையின் உமி லேசில் விடாது. காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததைத் திரும்பவும் குத்தி... அரைப்பொழுது அதிலேயே போய்விடும். குத்தியது யார்? வீட்டு ஆண்களா?

வளப்பூர் நாட்டில் (ஊர்கள் சேர்ந்ததை அங்கே நாடு என்பார்கள்) ஒரு பாட்டி எனக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். ருசியில் கிறங்கி, "தினமும் இதையே ஆக்கலாமே ஆத்தா" என்றேன். காய்த்துப்போன உள்ளங்கையை என் முன்னால் விரித்தார். "திங்க நல்லாத்தான் இருக்கும். நாலு நாள் இருந்து குத்திக் குடுத்துட்டுப் போ சாமி."

ரேஷன் அரிசி வந்ததும் அந்தப் பெண்களுக்கு அந்த அரைப்பொழுது மிச்சமானது. அதைத் திருப்பிக் கேட்க நீங்கள் யார், நான் யார்?

1990களிலிருந்து அங்கே வேலை செய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் விதையோடு நிற்கவில்லை, உமி நீக்கும் இயந்திரத்தையும் ஊருக்குள் கொண்டுபோனார்கள். விஷயம் தெரிந்தவர்கள். 2023இல் ஐ.நா.வின் சிறுதானிய ஆண்டு என்று நகரங்களில் மேடை போட்டார்களே, நான் கேட்ட ஒரு பேச்சிலும் உலக்கை வரவில்லை. பாரம்பரியம், பாரம்பரியம் என்று கைதட்டல்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அக்கறை பொய்யில்லை. அடுத்த முறை போகும்போது சோளக்காடு சந்தையில் உமி நீக்கிய சாமை கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். மிளகும் நன்றாக இருக்கும்.