வடதுருவ ஊரில் பண்பாட்டு மையம்: கூரையை வரையும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நார்வேயில் கட்டடக்கலை முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கொடுத்த பணி, நாட்டின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில், கடலிலிருந்து தள்ளியிருக்கும் உள்நாட்டு ஊர் ஒன்றுக்கு நூலகமும் சிறிய அரங்கும் கொண்ட பண்பாட்டு மையம் வடிவமைப்பது. சாமி பழங்குடியினரின் லாவ்வு கூடாரத்தைப் போலக் கூம்புக் கூரை போட்டிருந்தேன். "நினைவுப்பொருள் கடை மாதிரி இருக்கிறது" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மண்ணின் இயற்கையும் மரபும் கட்டடத்தில் தெரிய வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கூரையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மனையின் வரைபடத்தில் முதலில் குளிர்காலக் காற்றின் திசையைக் குறியுங்கள். பனி விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை. காற்று அதை அள்ளிக்கொண்டு போய்க் கட்டடத்தின் மறைவுப் பக்கத்தில் மேடாகக் குவிக்கும். காற்றடிக்காத அந்தப் பக்கம்தான் வாசலுக்கு ஏற்றது என்று நமக்குத் தோன்றும். அங்கே வாசல் வைத்தால், ஜனவரியில் கதவைத் திறப்பதற்கே பனியை வெட்டி அள்ள வேண்டியிருக்கும். காற்றின் போக்கிற்கு இணையாக ஓடும் சுவரோரத்தைக் காற்றே பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும். வாசலை அங்கே வையுங்கள். அதற்கு மேலே கூரைச் சரிவு வந்து முடியக்கூடாது. வெயில் ஏறிய ஒரு நாளில் மொத்தப் பனியும் வருபவர் தலையில் சரியும்.

கிரீன்லாந்தின் இலுலிசாட்டில் 2021-இல் திறக்கப்பட்ட பனிக்குடா மையத்தின் வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் டோர்டே மாண்ட்ருப் வடிவமைத்தது. முறுக்கிய நீளமான கட்டடம், பழம்பாறையின் மேல் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. முறுக்கு அழகுக்காக மட்டும் வந்ததல்ல. பனி ஓரிடத்தில் சேர்ந்து நிற்காமல் காற்றோடு கடந்து போக வழி அது. கூரையே நடைபாதையாகவும் இருக்கிறது. இயற்கையிலிருந்து வடிவம் பிறப்பது என்றால் எனக்கு இதுதான்.

உங்கள் ஊர் உள்நாட்டில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். ஃபின்மார்க்கின் கடற்கரையில் ஈரமும் உப்புக்காற்றும், உறைந்து உருகி மீண்டும் உறையும் நீரும்தான் எதிரிகள். உள்நாட்டில் வறண்ட கடுங்குளிர். நார்வேயிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 51.4 டிகிரி, 1886-இல் ஃபின்மார்க்கின் உள்நாட்டு ஊரான காராஷோக்கில் பதிவானது. அங்கே சுவரைத் துளைத்து வெளியே நீளும் ஒவ்வொரு இரும்பு உத்தரமும் உள்ளேயிருக்கும் வெப்பத்தை வெளியே கடத்தும். இரட்டைக் கதவுக்கு நடுவிலுள்ள அறையைத் தாராளமாக வையுங்கள். அரங்கு நிறையும் மாலையில் அத்தனை பேரும் கனத்த மேலாடையைக் கழற்றி மாட்டவும், காலணியிலிருந்து பனியைத் தட்டவும் இடம் வேண்டும். மாணவர் வரைபடங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இடம்தான்.

வெளிச்சத்திலும் நம் ஊர்ப் பழக்கம் உதவாது. நமக்கு வெயில் மேலிருந்து கொட்டும். அங்கே பக்கவாட்டில் வரும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழுவதே இல்லை. அது திரும்பி வரும் மாதங்களில், தரையில் கிடக்கும் புதுப்பனி தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை மேல்நோக்கித் திருப்பி அனுப்பும். அந்த ஒளி சன்னல் வழியே வந்து விழுவது உங்கள் உட்கூரையில். நூலகத்தின் உட்கூரையை வெளிர் மரத்தில் அமைத்து, சன்னலை அதை ஒட்டியே உயர்த்திப் பாருங்கள். மாதிரி வடிவம் செய்து, கீழே வெள்ளைத் தாள் விரித்து, விளக்கைத் தாழப் பிடித்துச் சோதித்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இனி மரபு. லாவ்வுவின் வெளி உருவத்தைவிட அதன் உள் ஒழுங்கு உங்களுக்கு அதிகம் கொடுக்கும். நடுவில் அடுப்பு, அதற்கு ஆரன் என்று பெயர். வாசலுக்கு நேர் எதிரே, அடுப்புக்குப் பின்னால் உள்ள பகுதி பொவாஷு. பாத்திரமும் உணவும் இருக்கும் இடம், புனிதமாகக் கருதப்பட்ட இடமும்கூட. இருபுறமும் ஆட்கள் அமர்வார்கள். இந்த வரிசையை நூலகத்துக்கும் அரங்குக்கும் நடுவிலுள்ள கூடத்தில் யோசித்துப் பாருங்கள். நிலையான குடிலான கொவாத்தியின் சுவரை வெட்டிப் பார்த்தால், பூர்ச்சமரக் கம்பங்கள், அவற்றின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய மரப்பட்டை, அதன் மேல் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகள். பட்டை நீரைத் தடுக்கிறது. மண் பட்டையை அழுத்திப் பிடித்துக் குளிரையும் தடுக்கிறது.

மரபு என்றதும் கூடாரத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க்கை ஏறக்குறைய முழுவதுமாக எரித்தது. காராஷோக்கில் 1807-ஆம் ஆண்டு மரத் தேவாலயம் தப்பியது. இன்று அந்த ஊர்களில் நீங்கள் பார்க்கும் எளிய, சரிவு மிகுந்த கூரை கொண்ட மரவீடுகள் பல, போருக்குப் பின் அரசின் மாதிரி வரைபடங்களை வைத்து எழுப்பியவை. ஊர்ப் பெரியவர்கள் பலர் வளர்ந்தது அவற்றில்தான். அந்த வீடுகளின் அளவும் இடைவெளியும்கூட உள்ளூர் மரபுதான். அவற்றை அளந்து வரையாமல் பணியைத் தொடங்கக்கூடாது என்பேன்.

காராஷோக்கில் 2000-இல் திறந்த சாமி நாடாளுமன்றத்திலும் கூம்பு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே கூம்பு பேரவைக் கூடத்துக்கு மட்டும். மற்றவை பைன் மரங்களுக்கிடையே அரைவட்டமாக வளைந்த தாழ்ந்த கட்டடம். தங்கள் மொழியைப் பள்ளியிலிருந்தே அரசு விரட்டியதைக் கண்ட ஒரு மக்கள், தங்கள் பேரவைக்கென எழுப்பிய அடையாளம் அது. அந்தக் கனத்தை ஒரு புத்தக அலமாரியின் மேல் ஏற்ற முடியாது. ஃபின்மார்க்கின் இன்னொரு உள்நாட்டு ஊரான கவுடோகைனோவில் 2024-இல் திறந்த சோவார்வெமாட்டா என்ற கட்டடத்தில் சாமி தேசிய நாடக அரங்கும், துருவ மான் மேய்ப்பு கற்பிக்கும் பள்ளியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஸ்னோஹெட்டா என்ற கட்டடக்கலை நிறுவனத்தோடு சாமி கட்டடக் கலைஞர் யோவார் நாங்கோவும் வடிவமைப்பில் சேர்ந்திருந்தார். உங்கள் பணியிலும் அப்படி ஒருவர் தொடக்கத்திலேயே வேண்டும். ஊர் நூலகரிடமோ கைவினை கற்பிப்பவரிடமோ நேரம் கேளுங்கள். மான்தோல் பதனிடும் வேலைக்கு எவ்வளவு இடம் வேண்டும், ஊரே கூடும் நாளில் பனிவண்டிகளை எங்கே நிறுத்துவார்கள், எந்தச் சின்னத்தைப் பொதுக் கட்டடத்தில் போடக்கூடாது என்று விசாரியுங்கள். பதில்கள் வந்த பிறகு காற்றுத் திசை குறித்த அந்தப் பழைய தாளிலேயே தரைத்தளத்தை வரையுங்கள். கூரையை அதற்கடுத்த வாரம் வரைந்தால் போதும்.