வரவில் எழுதவேண்டிய ஒரு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பிலிப்பைன்ஸின் லகுனா மாகாணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்பி, மணிலாவில் அலுவலக வேலை முடிந்த கையோடு இரண்டு நாள் அங்கே போய்வந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ஏமாற்றம்தான். வெந்நீர் ஊற்று என்றார்கள். போனால் நாலு சுவருக்குள் நீல ஓடு பதித்த சிமெண்ட் தொட்டி. பக்கத்தில் பாட்டுப் பெட்டி. பக்சங்ஹான் அருவிக்குப் படகில் போனேன். போக ஒரு மணி நேரம், அருவியடியில் பத்து நிமிடம். கரைக்கு வந்ததும் படகோட்டி தலையைச் சொறிந்தார். கட்டணத்தை முன்பே கட்டிவிட்டதால் நான் ஒன்றும் கொடுக்கவில்லை. ஏரியில் பாசியும் மூங்கில் கழிகளும்தான் கண்ணில் பட்டன. இதற்குக் குற்றாலமே தேவலை. வருகிற ஜனவரியில் மனைவியோடு மறுபடி மணிலா போகவேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் இன்னொரு முறை தலைகாட்டலாமா, வேண்டாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நானும் தென்காசிப் பக்கத்துக்காரன். எண்ணெய் வழியும் தலையோடு பேரருவிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன். ஆகவே சொல்கிறேன், குற்றாலத்தைக் கையில் அளவுகோலாக எடுத்துக்கொண்டு புறப்பட்டால் உலகத்தில் ஓர் அருவியும் தேறாது. பஸ்ஸைவிட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் தலையில் தண்ணீர் விழும் வசதியை வேறு எந்த ஊர் தரும்?

போக ஒரு மணி நேரம், அங்கே பத்து நிமிடம் என்று கணக்குக் காட்டுகிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவில் எழுதிவிட்டீர்கள். நான் வரவில் எழுதுவேன்.

நான் போனபோது அந்தப் படகில் முன்னால் ஒரு படகோட்டி, பின்னால் ஒருவர், நடுவில் நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். ஆறு இறங்கி வருகிறது, நாம் ஏறுகிறோம். ஓட்டம் கூடிய இடத்தில் துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டார்கள். முன்னால் இருப்பவர் ஒரு காலை வெளியே நீட்டிப் பாறையை உதைத்தார். படகு ஒரு முழம் ஏறியது. தண்ணீர் அதைத் திருப்பித் தள்ளுவதற்குள் மறு கால் எதிர்ப்பக்கப் பாறையில் இருந்தது. எந்தப் பாறையில் எந்த இடம் என்று அவர் பார்க்கவே இல்லை. மின்சாரம் போன இரவில் நாம் நம் வீட்டுப் படியில் கால் வைப்பது போல வைத்தார். நீர் கொட்டி இறங்கும் இடங்களில் பாறைகளுக்குக் குறுக்கே குழாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள். இருவரும் குதித்து, இடுப்பளவு நீரில் நின்று, நம்மையும் சேர்த்துப் படகை அதன்மேல் இழுத்து ஏற்றினார்கள். அடிப்பகுதி குழாயில் உரசும் ஓசை நம் முதுகெலும்பு வரை வந்தது. அப்போது என் எடை 88 கிலோ. அன்று காலையில் உண்ட இரண்டாவது தட்டுச் சோற்றை நினைத்து வெட்கமாக இருந்தது.

கரைக்குத் திரும்பியதும் முன்னால் இருந்தவர் கான்வாஸ் காலணிகளைக் கழற்றிப் பிழிந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு டம்ளர் தண்ணீர் இறங்கியது. இரண்டையும் படகின் விளிம்பில் கவிழ்த்துவைத்துவிட்டு, அதன் பிறகுதான் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். நாம் கட்டும் கட்டணத்தில் தன் கைக்கு வருவது ஒரு பங்குதான் என்றும், முறை வைத்துப் படகு எடுப்பதால் எல்லா நாளும் வேலை கிடைக்காது என்றும் சொன்னார்.

அருவியைப் பற்றி ஒன்றே ஒன்று. அது இருப்பது உண்மையில் காவிந்தி என்ற பக்கத்து ஊரின் எல்லைக்குள். பெயரைப் பக்சங்ஹான் தட்டிக்கொண்டு போய்விட்டது. மூங்கில் தெப்பத்தில் ஏற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்து, நீர்த்திரைக்குப் பின்னால் உள்ள குகைக்குக் கொண்டுபோவார்கள். போகும்போதும் வரும்போதும் அருவி மொத்தமும் தலையில் இறங்கும். நீங்கள் தெப்பத்தில் ஏறவில்லை என்று நினைக்கிறேன். ஏறியிருந்தால் கடிதத்தில் குற்றாலம் வந்திருக்காது.

சிமெண்ட் தொட்டி விஷயத்தில் பாதித் தவறு என்னுடையது, முன்கூட்டிச் சொல்லியிருக்கவேண்டும். மகிலிங் மலை 1,090 மீட்டர் உயரமுள்ள, உறங்கும் எரிமலை. அதன் அடிச்சூடுதான் அந்தப் பக்கத்து வெந்நீருக்கெல்லாம் காரணம். மலையின் தெற்குப் பக்கத்தில் அதே சூட்டிலிருந்து 1979 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அடிவாரத்து லாஸ் பான்யோஸின் பெயருக்கே ஸ்பானிய மொழியில் குளியலிடங்கள் என்று பொருள். அதற்கு முந்தைய பெயர் மைனிட். தகலோக் மொழியில் சூடு. கலம்பா நகரைச் சேர்ந்த பான்சோலில் இந்த நீரைத் தொட்டிகளில் நிரப்பி, பெரும்பாலும் தொட்டியோடு வீட்டையே ஒரு குடும்பத்துக்கு ஓர் இரவுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நீங்கள் தனியாகப் போயிருக்கிறீர்கள். கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆளாக இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, விருந்தில் களையே இல்லை என்றால் எப்படி?

என்னை அழைத்துப்போன மணிலா நண்பரின் குடும்பம் பதினாறு பேர். சோறு வடிக்கும் மின்பானையைக் கூட வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். இரவு பதினோரு மணிக்குத் தொட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பாட்டி காலைக் கணுக்கால் வரை வெந்நீரில் விட்டபடி படியில் உட்கார்ந்திருந்தார். தாமதமாக வந்த பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக, தண்ணீரில் குதிப்பதற்கு முன், அவர் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். கடைசியில், கூடவே பாடவைக்கும் அந்தப் பாட்டுப் பெட்டியில் பாட்டியும் ஒரு பாட்டுப் பாடினார். சுருதி சேரவில்லை, யாருக்கும் அது பொருட்டாகவும் இல்லை.

லகுனா டே பே என்ற அந்த ஏரியில் நீங்கள் பார்த்தது பாசி இல்லை, ஆகாயத்தாமரை. மூங்கில் கழிகள் மீன் அடைப்புகள்; உள்ளே பால்கெண்டை வளர்க்கிறார்கள். ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாட்டின் மிகப் பெரிய ஏரி, சராசரி ஆழம் இரண்டரை மீட்டர்தான். ஒருவர் அடியில் நின்று கையை உயர்த்தினால் விரல் நுனிக்கு மேல் ஒன்றிரண்டு சாண் தண்ணீர் இருக்கும். நீர்மட்டம் தாழ்ந்த மாதங்களில், ஏரியை வடிக்கும் பாசிக் நதியிலேயே கடல் நீர் எதிர்த்து ஏறி வந்து உள்ளே புகும். ஏரியின் பெயரில் இருக்கும் 'பே' விரிகுடா என்று எண்ணிவிடாதீர்கள். அது கரையோர ஊர் ஒன்றின் பெயர், அங்கே 'பாஇ' என்பார்கள். படகுக்கு அவர்கள் 'பாங்கா' என்கிறார்கள். நம் 'வங்க'த்தோடு முடிச்சுப்போட்டு யாரும் எனக்கு எழுதவேண்டாம். போதுமான கடிதங்கள் வந்துவிட்டன.

பக்சங்ஹானுக்கு லாஸ் பான்யோஸ் வழியாகத்தான் போயிருப்பீர்கள். 1960இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. 1966இல் ஐ.ஆர்.8 அங்கிருந்துதான் வெளிவந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். ஐ.ஆர்.8 சோறு ஆறினால் விறைத்துக்கொள்ளும் என்று என் அம்மா அதை இட்லிக்குத்தான் ஊறப்போடுவார்.

ஜனவரியில் தாராளமாகப் போங்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் படகை நிறுத்திவிடுவார்கள், ஜனவரியில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் முதல் நாளே மணிலாவின் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு செப்பேட்டைப் பார்த்துவிடுங்கள். நோட்டுத் தாள் அளவுதான் இருக்கும். 1989இல் லகுனாவின் லும்பான் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே மணல் அள்ளும்போது கிடைத்தது. மொழி பழைய மலாய். எழுத்து நம் பல்லவ எழுத்தின் வழிவந்த, 'காவி' என்ற பழைய ஜாவா எழுத்து. சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ணபட்ச சதுர்த்தி, சோமவாரம் என்று நம் வீட்டுப் பஞ்சாங்கம் போலத் தொடங்குகிறது. அதாவது கி.பி. 900. நம்வரான் என்பவர் பட்டிருந்த பொன் கடன், அக்கால எடையில் ஒரு 'காட்டி'யும் எட்டு 'சுவர்ண'மும், தீர்ந்தது, இனி அவர் வாரிசுகளையும் யாரும் கேட்கக்கூடாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். பக்சங்ஹானில் உங்களைச் சுமந்த ஆறுதான் லும்பான் வழியாக ஏரியில் கலக்கிறது.

மறுநாள் படகுத்துறைக்குப் போகும்போது கொஞ்சம் சில்லறை நோட்டுகளை நனையாத பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்து படகைத் தள்ளியவரை உங்கள் கடிதத்தில் காணோம். அவருக்கும் சேர்த்து.