சென்னை மாநகரப் பேருந்தில் 20% கட்டணம் ஏறினால் 20% கூட்டம் குறையுமா?

குறையாது. பயணிகள் சுமார் 6% குறைவதாகப் போடுங்கள், வருவாய் ஏறக்குறைய 13% கூடும். உங்கள் கணக்கில் நெகிழ்ச்சியை (கட்டணம் 1% ஏறினால் பயணிகள் எத்தனை % மாறுவார்கள் என்பதை) -1 என்று வைத்திருக்கிறீர்கள் போல, அதனால்தான் வருவாய் குறைவதாக வருகிறது. வழக்கமான தொடக்க மதிப்பு -0.3.

அப்புறம், 2021 மே முதல் வெள்ளைப் பலகைப் பேருந்தில் (சாதாரணக் கட்டணப் பேருந்து) பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அவர்களை எடுத்துவிட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதப் பாஸ்காரர்களையும் தனியாக வையுங்கள். டிக்கெட் விலை ஏறினாலும் பாஸ் விலை ஏறாதவரை அவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும்: -0.3 என்பது அமெரிக்க நகரங்களில் பிறந்த எண். தாம்பரம்–பாரிமுனைத் தடத்தில் பக்கத்திலேயே மின்சார ரயில் ஓடுகிறது, அதுவும் 5 ரூபாயில் தொடங்குகிறது. அங்கே ஆட்கள் சட்டென்று மாறுவார்கள். ரயில் இல்லாத கேளம்பாக்கம் பக்கம் போக்கிடம் ஏது? பைக்தான்.